ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுவகைகள்

முழு மரபணுத்தொகுதியை ஒப்பிடும்போது 8 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடும் ஹெபடைடிஸ் பி வைரஸ் கிளைகள் மரபுவகைகள் எனப்படுகின்றன. நாட்பட்ட தொற்று ஒருவரிடம் வாழ்நாள் முழுதும் அடங்கிக் கிடப்பதற்கும், வேறொருவரிடம் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸாகவோ புற்றுநோயாகவோ முற்றுவதற்கும் இவ்வேறுபாடு ஒரு காரணம். ஏறத்தாழ 3,200 எழுத்துகளே கொண்ட இவ்வைரஸ் ஆர்.என்.ஏ. வழியாகத் தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது. அவ்வாறு படியெடுக்கும் நொதிக்குப் பிழைதிருத்தும் ஆற்றல் இல்லாததால் பெருகப் பெருகப் பிறழ்வுகள் சேர்கின்றன.

ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியில் கண்ட புரதத்தைப் பற்றி பரூக் புளூம்பெர்க் 1965இல் அறிவித்தார். அது இவ்வைரஸின் மேலுறைப் புரதம் என்பது பின்னரே தெளிவாயிற்று. 1970களில் அப்புரதத்தின் அடிப்படையில் மட்டுமே உள்வகைகள் பிரிக்கப்பட்டன. 1988இல் ஜப்பானின் ஒகமோட்டோ குழுவினர் 18 முழு மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு ஏ, பி, சி, டி என நான்கு வகைகளை வகுத்தனர். மற்றவை பின்னர்ச் சேர்ந்தன.

வைரஸ் பெருகும் காலத்தில் குருதியில் கலக்கும் இ ஆன்டிஜென் மறைந்தால் நோய் தணிந்துவிட்டது என்றே முன்பு கருதப்பட்டது. அது மறைந்த பின்னும் கல்லீரல் சிதைந்துகொண்டிருந்த மத்தியதரைக்கடல் பகுதி நோயாளிகளிடம், வைரஸ் மரபணுத்தொகுதியின் 1896ஆம் இடத்தில் குவானைன் அடினைனாக மாறி அந்த ஆன்டிஜெனின் ஆக்கத்தைத் தடுத்திருந்ததை 1989இல் கார்மன் குழுவினர் காட்டினர். வைரஸ் ஆர்.என்.ஏ.வின் கொண்டையூசி போன்ற மடிப்பில் அந்த இடம் 1858ஆம் இடத்தோடு இணைசேர்கிறது. டி வகையில் இம்மாற்றம் இணைப்பை வலுப்படுத்துவதால் பெருவழக்காகவும், ஏ வகையில் மடிப்பைக் குலைப்பதால் அரிதாகவும் உள்ளது. இந்தியாவில் இவ்விரு வகைகளுமே மிகுதி என்பதால் இவ்வேறுபாடு இங்குள்ள மருத்துவர்க்கும் உரியது.

மரபுவகையின் செல்வாக்கை மிகத் தெளிவாகக் காட்டும் களம் அலாஸ்கா. அங்குள்ள பழங்குடி மக்களிடையே ஏ, பி, சி, டி, எஃப் ஆகிய ஐந்தும் அருகருகே பரவியிருந்தமையால் ஒரே சூழலில் அவற்றை ஒப்பிட முடிந்தது. 2007இல் வெளியான ஆய்வின்படி, பிற வகையினருள் பாதிப்பேர் 20 வயதுக்குள் இ ஆன்டிஜெனை இழந்திருக்க, சி வகையினரிடம் அந்நிலை 47.8 வயதில்தான் எட்டப்பட்டது. மகப்பேற்றுக் காலம் முழுதும் வைரஸ் மிகுந்திருக்கும் சி வகைத் தாய்மாரிடமிருந்து குழந்தைக்குத் தொற்று செல்லும் வாய்ப்பும் கூடுகிறது. ஆயினும் இ ஆன்டிஜென் நீடிக்கும் காலம் மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அதை விரைவில் இழக்கும் எஃப் வகையினருக்குப் புற்றுநோய் கண்டறியப்பட்ட இடைநிலை வயது 22.5 ஆகவும், ஏனையோருக்கு 60 ஆகவும் இருந்தது. எனவே மரபுவகையை அறிந்த அளவிலேயே ஒருவரின் எதிர்காலத்தைக் கணிப்பது பிழையாகும். வைரஸின் அளவு, வயது, மது, உடன்தொற்றுகள் ஆகியவையும் சேர்ந்தே நோயின் போக்கை வகுக்கின்றன.

சிகிச்சையில் இவ்வேறுபாடு இண்டர்ஃபெரான் மருந்துக்கே பெரிதும் பொருந்தும்: 2005இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் இ ஆன்டிஜெனை இழந்தோர் ஏ வகையில் 47 விழுக்காடு, டி வகையில் 25 விழுக்காடு. வைரஸின் படியெடுப்பைத் தடுக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் எல்லா வகைகளையும் ஏறக்குறைய ஒன்றுபோல் அடக்குகின்றன. தடுப்பூசியும் அவ்வாறே; பெரும்பாலும் ஏ வகையின் மேலுறைப் புரதத்தைக் கொண்டு செய்யப்பட்டாலும், எல்லா வகைகளுக்கும் பொதுவான பகுதி அதில் இருப்பதால் பிற வகைகளையும் தடுக்கிறது.