சக்கரம் பொறித்த எல்லைக்கல்

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சிப்காட் பலகைகளும் கம்பெனி மதில்களும்தான். யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்பதை மதிலே சொல்லிவிடும். மதிலும் கம்பிவேலியும் இல்லாத சோழர் காலத்தில் அந்த வேலையைச் செய்தது ஒரு சிறு கல்.

இராமானுசர் 1017-இல் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில் என்கிறது வைணவ மரபு. அவர் காலத்தில் பெருமாள் கோயிலுக்கு விட்ட நிலத்துக்குத் திருவிடையாட்டம் என்று பெயர். அதன் எல்லையில் சக்கரம் செதுக்கிய கல்லை நட்டார்கள், அது திருவாழிக்கல். சிவன் கோயில் நிலமான தேவதானத்துக்குச் சூலக்கல். சமணப் பள்ளிக்கு உரிய நிலமென்றால் முக்குடைக்கல். எழுத்துத் தெரியாத உழவரும் கல்லைப் பார்த்ததும் நிலம் யாருடையது என்று சொல்லிவிடலாம்.

கல் நடுவது பெரிய சடங்கு. முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், 1006-ஐ ஒட்டி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது பள்ளிக்கு விடும் நிலமாக, கொடுத்தான். அது பௌத்த விகாரம். எடுப்பித்தவர்கள் கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசர்கள். அரசனின் வாய்மொழி ஆணை ஓலையில் ஏறி நாட்டாரிடம் போயிற்று. அவர்கள் பிடியானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக் கொடுத்தார்கள். இதையெல்லாம் விரிவாகச் சொல்லும் 21 செப்பேடுகள் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் இன்று லெய்டன் செப்பேடுகள் எனப்படுகின்றன.

ஒரு கல்லுக்கு யானையும் ஓலையும் எதற்கு?

வரிக்காகத்தான். இத்தகைய நிலங்கள் பெரும்பாலும் இறையிலி, அதாவது அரசுக்கு வரி கட்டாதவை. அரசுக்குப் போகவேண்டிய வரி, கல்லுக்கு உள்ளே விளக்கெண்ணெய்க்கும் நைவேத்தியத்துக்கும் திருவிழாவுக்கும் போயிற்று. கல்லை நான்கு முழம் தள்ளி நட்டால் அரசுக்கோ கோயிலுக்கோ நஷ்டம். தருமத்துக்குக் கேடு செய்தவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்று கல்வெட்டுகள் சபித்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஆங்கிலேயர் வந்ததும் சாபத்தின் இடத்தைச் சட்டம் பிடித்தது. 1858-இல் சென்னை மாகாணத்தில் அமைந்த இனாம் கமிஷன், பழைய மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிந்தது. 1923-இன் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் சர்வே கல்லுக்குக் காவலானது. தெய்வச் சின்னத்தின் வேலையை சர்வே எண் ஏற்றது. 1990-களில் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது நிலத்துக்குச் சாட்சியாக இருந்தவை பட்டாவும் புலப்படமும்.

வேலை போன பழைய கற்களில் சில, தமிழகம் முழுக்க ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் இன்னும் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறார்கள். சாலை விரிவாக்கத்தில் பெயர்ந்த கல்லைக் கோயில் மதிலோரம் சாத்திவைப்பதும் உண்டு. கல் பிழைத்துவிடும், அது காட்டிய எல்லை போய்விடும். கல்வெட்டு பல எல்லைக்கற்களில் இல்லை. நின்ற இடம்தான் அவற்றின் சாட்சியம். அதனால் கல்லை எடுப்பதற்கு முன்பே சர்வே எண்ணையும், சக்கரம் எந்தத் திசையைப் பார்த்திருந்தது என்பதையும் குறித்துக்கொள்வது ஆய்வாளருக்கு முதல் வேலை.

(தொடரும்)