எல்லை மாஸ்: சரளைக் குழியிலிருந்து ஆற்றுச் சீரமைப்பு வரை

நெதர்லாந்தின் தென்கோடியில் உள்ள லிம்பர்க் மாகாணத்தில், ரூர்மோண்ட் நகரையொட்டி மாஸ் ஆற்றங்கரையில் சுமார் 3,000 ஹெக்டேர் பரப்புக்கு ஏரிகள் விரிந்து கிடக்கின்றன. பாய்மரப் படகுகளும் விடுதிகளுமாக உல்லாசத் தலமாகிவிட்ட இவற்றில் பெரும்பாலானவை இயற்கை ஏரிகளல்ல. 20ஆம் நூற்றாண்டில், குறிப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கட்டுமானப் பெருக்கத்தின்போது, சரளைக்காகத் தோண்டப்பட்ட குழிகள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டியதால் தாமாகவே நிரம்பின. அக்காலத்தில் நில மீட்பு என்றால் கரையைச் சரித்து மரம் நடுவதுதான். போன விளைநிலம் போனதுதான். குழிகள் பெருகப் பெருக மக்களின் எதிர்ப்பும் வளர்ந்தது. சரளை எடுப்பதையே படிப்படியாக நிறுத்திவிடலாம் என்ற முடிவுக்கு மாகாண நிர்வாகம் வந்தது.

இந்த இடத்தில்தான் கேள்வி தலைகீழாகத் திரும்பியது. தோண்டியபின் நிலத்தை மீட்பதற்குப் பதிலாக, ஆற்றை மீட்பதற்காகவே தோண்டினால் என்ன?

மாஸ்ட்ரிக்ட்டுக்குக் கீழே பெல்ஜிய எல்லையாக ஓடும் நாற்பது கிலோமீட்டர்ச் சொச்சப் பகுதிக்கு 'எல்லை மாஸ்' என்று பெயர். 1935இல் திறக்கப்பட்ட ஜூலியானா கால்வாய் சரக்குப் படகுகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டதால், இங்கே படகுக்காக ஆற்றை ஆழப்படுத்தவோ தடுப்பணை கட்டவோ தேவை எழவில்லை. ஆனால் கரைகள் கல் பாவி இறுக்கப்பட்டிருந்தன. பக்கவாட்டில் நகர முடியாத ஆறு தன் படுகையையே அரித்துத் தாழ்ந்தது. இருபுறப் படுகை நிலங்களில் வெள்ளந்தோறும் வண்டல் படிந்து மேடிட்டது. ஆறு ஒரு குறுகிய பள்ளமாயிற்று.

பள்ளத்தை அகலப்படுத்தி, படுகை நிலத்தைத் தாழ்த்தி, கிடைக்கும் சரளையை விற்றே செலவை ஈடுகட்டலாம் என்ற திட்டம் 1991இல் முன்வைக்கப்பட்டது. முதலில் அது இயற்கை ஆர்வலர்களின் கனவாகவே பார்க்கப்பட்டிருக்கும். 1993 டிசம்பர் வெள்ளத்தில் நொடிக்குச் சுமார் 3,100 கன மீட்டர் நீர் வந்தது. பதின்மூன்றே மாதத்தில், 1995 ஜனவரியில், மீண்டும் பெருவெள்ளம். இட்டரன், போர்ஹாரன் போன்ற ஆற்றோர ஊர்கள் இருமுறை மூழ்கின. என் கணிப்பில், திட்டத்துக்கு அரசியல் வலு தந்தது இயற்கைப் பற்றல்ல, இந்த வெள்ளங்கள்தாம். 2005இல் சரளை நிறுவனங்களும் ஒப்பந்தக்காரர்களும் ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் சேர்ந்த கூட்டமைப்புடன் அரசு ஒப்பந்தம் செய்தது. 250 ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய வெள்ளத்தைத் தாங்குவதே இலக்கு.

வேலையின் நுணுக்கம் மேல்மண்ணில் இருக்கிறது. சரளையை லாரி கொண்டுபோய்விடும். அதன்மேல் கிடந்த வண்டலுக்கும் களிமண்ணுக்கும் வாங்குவோர் இல்லை. எனவே ஆற்றையொட்டி ஆழக் குழிகளை வெட்டி, அங்குள்ள சரளையையும் எடுத்து விற்றுவிட்டு, அந்தக் குழிகளில் மேல்மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். ரூர்மோண்டில் ஏரியான குழி இங்கே மீண்டும் நிலமானது. அகலப்படுத்திய படுகையில் சரளைத் திட்டுகளை அமைப்பதும் கலைப்பதும் ஆற்றின் பொறுப்பு. நடவு என்று பெரிதாக எதுவுமில்லை: வெள்ளம் விதையைக் கொண்டுவருகிறது, மேயவிட்ட கோனிக் குதிரைகளும் காலவே மாடுகளும் புதர் மண்டாமல் பார்த்துக்கொள்கின்றன.

2021 ஜூலையில் 1993ஐயும் மிஞ்சிய நீர்வரத்து வந்தது. லிம்பர்க்கின் கிளையாறுகளில், முக்கியமாக ஃகூல் ஆற்றங்கரை வால்கன்பர்க்கில், பெருஞ்சேதம். எல்லை மாஸிலோ, அகலப்படுத்திய படுகை வெள்ள மட்டத்தைத் தாழ்த்தியது. திட்டத்தின் பொறியியலை இனி யாரும் எளிதில் குறைசொல்ல முடியாது.

பொருளாதாரம் வேறு கதை. கட்டுமானத் தொழில் மந்தமானால் சரளை விலை விழும். அதோடு இயற்கைக்கான பணமும் விழும். மேலே பெல்ஜியத் தடுப்பணைகள் நிற்பதால் புதுச் சரளை பெரிதாக வந்து சேர வழியில்லை. விற்றது பனியுகக் காலங்களில் சேர்ந்த இருப்பு. எனவே இந்தப் பேரத்தை ஒருமுறைதான் செய்யலாம். இனிவரும் பராமரிப்புச் செலவை வரிப்பணம்தான் சுமக்க வேண்டும்.