சின்ன ஜீப்புக்கு வந்த பெரிய கொக்கி

சேற்றில் புதைந்த வண்டியை வெளியே இழுக்க வேண்டுமானால் கயிறு மாட்ட வண்டியில் உறுதியான ஓர் இடம் வேண்டும். இந்த எளிய தேவை சிறிய காட்டுவழி வண்டிகளின் வரலாற்றில் வெகுகாலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. முதல் ஜீப் 1940-ல் பிறந்தது. புதைந்த வண்டியை இழுப்பதற்கென்றே கணக்கிட்டு, தாங்கும் எடையைப் பொறித்து விற்கப்படும் ‘ரெக்கவரி பாயிண்ட்’ பரவலாகக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை ட்ரெய்லர் இழுக்கவோ, கிரேனில் தூக்கவோ, கப்பலிலும் விமானத்திலும் வண்டியை அசையாமல் கட்டவோ வைத்த கொக்கிகளிலும் வளையங்களிலும்தான் ஓட்டுநர்கள் கயிற்றை மாட்டினார்கள். அந்த இரவல் பிடிகள் பல சமயம் தாங்கின. தாங்காதபோது உயிர்ச்சேதம் நேர்ந்ததும் உண்டு.

1940-ன் கோடையில் அமெரிக்கத் தரைப்படை இலகுவான நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்று கேட்டு 135 நிறுவனங்களுக்கு எழுதியது. பான்டம் நிறுவனத்துக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் வடிவமைத்த மாதிரி அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று ஹோலபேர்டு ராணுவ முகாமில் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் பெருவாரியாக உற்பத்தி செய்ய, போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் வெளிவந்தன. வண்டியின் எடை சுமார் 1,100 கிலோ. பின்புறம் வாய் மூடித் தாழிடும் ‘பின்டில்’ கொக்கி ஒன்று இருந்தது. அது சுமார் 450 கிலோ எடையுள்ள சிறு ட்ரெய்லரையோ, 37 மி.மீ. பீரங்கியையோ இழுப்பதற்கானது. வழக்கமான ஜீப்பின் முன்புறம் கயிறு மாட்டத் தனிக் கொக்கியே கிடையாது. வண்டியின் அடிச்சட்டமான சேஸின் இரு முனைகளில் திருகிய இரும்பு பம்பர் மட்டுமே. ஆனால் உடற்பகுதியின் பக்கவாட்டில் கைப்பிடிகள் இருந்தன. சிப்பாய்கள் ஆளுக்கொரு பக்கம் பற்றினால் சிக்கிய ஜீப்பைத் தூக்கி நகர்த்திவிடலாம். ஆட்களுக்குப் பஞ்சமில்லாத படைக்கு அது போதுமான ஏற்பாடுதான்.

போருக்குப் பிறகு வந்த எம்38 ரக ஜீப்பின் பம்பர்களில் ‘ஷேக்கிள்’ எனும் திறந்து மூடும் இரும்பு வளையங்கள் ஏறின. நோக்கம் சேறு அல்ல; வண்டியைக் கப்பலிலிருந்து கிரேனால் இறக்கவும், ஏற்றிச் செல்லும்போது தளத்தோடு பிணைக்கவும் அவை பயன்பட்டன. தூக்குவதற்கும் பிணைப்பதற்குமான இத்தகைய பிடிகளுக்கு அமெரிக்க ராணுவம் தனித் தரநிலையே வகுத்தது. மில்-ஸ்டாண்டர்டு 209 என்பது அதன் பெயர். உபரி ராணுவ ஜீப்புகள் பொதுமக்கள் கைக்கு வந்தபோது இந்த ஷேக்கிள்களும் சேர்ந்தே வந்தன. கண்ணெதிரே தடித்த இரும்பு வளையம் தொங்கும்போது அதில் கயிறு மாட்டத் தயங்கியவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

பிரிட்டனில் இதே கதை இன்னும் தெளிவாக நடந்தது. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட்ரோவர் விரைவிலேயே ராணுவ வண்டியாயிற்று. அதை விமானத்தில் ஏற்றிக் கட்டுவதற்காகச் சேஸோடு போல்ட் போட்டு மாட்டும் வளையம் ஒன்று உருவானது. ராணுவத்தின் வான்வழிப் போக்குவரத்தைக் கவனித்த கூட்டு அமைப்பான ‘ஜாயின்ட் ஏர் டிரான்ஸ்போர்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட்’டின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஜேட் வளையம்’ என்ற பெயர் நிலைத்தது. காட்டுவழி ஓட்டிகள் அதைச் சேஸின் இரு பக்கமும் ஒவ்வொன்றாகப் பொருத்தி, இரண்டையும் ஒரு வாரால் இணைத்து இழுக்கப் பழகினார்கள். ஒற்றை வளையத்தில் முழுப் பாரத்தையும் ஏற்றக் கூடாது என்ற பாடம் இந்தப் பழக்கத்தோடு வேரூன்றியது. விமானத்தில் கட்டுவதற்கு வந்த ஒரு பொருள் சேற்றில் இவ்வளவு மதிப்புப் பெற்றது விந்தைதான்.

புதைந்த வண்டியை இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதும் ராணுவம் கணக்கிட்டுச் சொன்னதே. அமெரிக்கத் தரைப்படையின் மீட்புக் கையேடுகளில் எளிய வாய்பாடு ஒன்று உண்டு. சக்கர ஆழத்துக்குப் புதைந்தால் சேற்றின் எதிர்ப்பு வண்டியின் எடைக்குச் சமம். மட்கார்டு ஆழத்துக்கு என்றால் இரு மடங்கு. ஓட்டுநர் அறைவரை என்றால் மூன்று மடங்கு. ஒரு டன் ஜீப் ஆழப் புதைந்தால் மூன்று டன் விசை தேவைப்படலாம் என்று பொருள். சாலையில் பழுதாகி நின்ற காரை இழுப்பது இதோடு ஒப்பிட ஒன்றுமில்லாத வேலை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1977-ல் கார்களின் இழுவைக் கொக்கிக்கு விதி வகுத்தபோது, வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் பாதியைத் தாங்கினால் போதும் என்றே வரையறுத்தது. தார்ச் சாலைக்கு அது சரி. தொழிற்சாலைக் கொக்கியை நம்பிச் சேற்றில் இறங்கியவர்களுக்குத்தான் இந்தப் பாதிக்கும் அந்த மூன்று மடங்குக்கும் உள்ள தூரம் தெரியாமல் போயிற்று.

இந்த இடைவெளி பெரிதாகத் தெரிந்தது சுசூகியின் குட்டி வண்டிகளில். ஜப்பானில் ஹோப் நிறுவனம் உருவாக்கிய சிறு வண்டியின் உரிமையை வாங்கி, சுசூகி 1970-ல் எல்ஜே10 என்ற வண்டியைக் கொண்டுவந்தது. 359 சி.சி. இரு வீச்சு எஞ்சின், ஏணி வடிவச் சேஸ், சுமார் 600 கிலோ எடை. இதன் வழியில் 1981-ல் எஸ்ஜே410 வந்தது; ஆஸ்திரேலியாவில் சியரா, அமெரிக்காவில் சாமுராய் என்று அந்தக் குடும்பம் பல பெயர்களில் ஓடியது. அதன் நீளமான வடிவத்தைத்தான் மாருதி 1985 டிசம்பரில் ஜிப்ஸி என்று இந்தியாவில் விற்கத் தொடங்கியது. எடை குறைவு என்பதால் பெரிய வண்டிகள் அமிழும் இடத்தில் இவை மிதந்து போகும். அந்தத் துணிச்சலில் பெரிய வண்டி போகத் தயங்கும் இடத்துக்கும் போய் மாட்டிக்கொள்ளும். சேஸின் தகடும் கொக்கியும் வண்டியின் எடைக்கு ஏற்றபடி மெலிதானவை. சுசூகியின் உரிமையாளர் கையேடுகளும் சேஸ் கொக்கிகள் அவசரத்துக்கும் கப்பலில் ஏற்றிக் கட்டுவதற்கும் மட்டுமே என்று எச்சரிக்கின்றன. இவ்வண்டியை இழுக்க வருவதோ, பெரும்பாலும் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வேறொரு வண்டி.

கயிறு மாறியதும் நிலைமை இன்னும் கடுமையானது. சங்கிலியும் எஃகு வடமும் இருந்த காலத்தில் மெதுவாகத்தான் இழுக்க முடியும். நைலான் வந்த பிறகு, கயிறு நீண்டு சுருங்கும் தன்மையையே இழுவைக்குப் பயன்படுத்தும் முறை பிறந்தது. பிரிட்டிஷ் ராணுவம் தடித்த நைலான் கயிற்றையும், ஆஸ்திரேலியர்கள் தட்டையான நைலான் வாரையும் கையாண்டார்கள். ஒன்பது மீட்டர் வார் சுமார் 20 சதவீதம் நீளும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு விளங்கும். 1,200 கிலோ வண்டி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவந்து வாரை இழுத்து நிற்கிறது. அந்த ஆற்றல் 1.8 மீட்டர் நீட்சியில் செலவாகும்போது சராசரி விசை ஏறத்தாழ ஒரு டன், உச்சத்தில் இரண்டு டன். அதே ஓட்டத்தில் சங்கிலியை மாட்டினால் நிற்க 10 சென்டிமீட்டர்தான் கிடைக்கும். சராசரி விசையே 19 டன்னை நெருங்கும். உண்மையில் அவ்வளவு தூரம் போகாது, அதற்கு முன்பே ஏதோ ஒன்று பிய்ந்துவிடும்.

பிய்வது பெரும்பாலும் கயிறு அல்ல, வண்டியில் அது மாட்டியிருக்கும் இடம். நீண்டு நிற்கும் வாரில் சேமிப்பான ஆற்றல் முழுவதும் பிய்ந்த இரும்பைச் சுமந்துகொண்டு எதிர் வண்டியின் கண்ணாடியை நோக்கிப் பாயும். உண்டிவில்லில் கல் பறக்கும் அதே விதி. ட்ரெய்லர் மாட்டும் இரும்பு உருண்டையில் வாரைச் சுற்றி இழுத்தபோது அந்த உருண்டை முறிந்து பறந்து உயிர்களைப் பறித்ததுண்டு. அந்த உருண்டை ட்ரெய்லரின் சீரான இழுப்புக்காகச் செய்யப்பட்டது, திடீர் உலுக்கலுக்காக அல்ல.

ஆஸ்திரேலிய அரசு 2010-ல் மீட்பு வார்களுக்குக் கட்டாயப் பாதுகாப்புத் தரநிலை கொண்டுவந்தது. வாரின் முறிவுத் திறனை அதிலேயே குறிக்க வேண்டும். இரு வண்டிகளில் எடை குறைந்த வண்டியின் மொத்த எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு திறனுள்ள வாரைத் தேர்ந்தெடுக்கும்படி வாங்குபவருக்கு அறிவுறுத்த வேண்டும். எடை குறைந்த வண்டியை அளவுகோலாக்கியதில் நுட்பம் உண்டு. கனத்த வண்டிக்கான வார் குட்டி வண்டிக்கு நீளவே நீளாது. சங்கிலியைப் போல் உலுக்கும். தடிமனான வார்தான் பாதுகாப்பு என்ற எண்ணம் சிறிய வண்டிக்காரர்களிடம் இன்றும் இருக்கிறது. அது தவறு.

இத்தனை அனுபவத்துக்குப் பிறகுதான் தனியாக வாங்கிப் பொருத்தும் ரெக்கவரி பாயிண்ட் வழக்கத்துக்கு வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு மி.மீ. வரை தடித்த எஃகுத் தகட்டை வெட்டி, ஷேக்கிள் நுழையும் துளையிட்டு, சேஸின் பக்கவாட்டில் குறைந்தது இரண்டு போல்ட் போட்டு மாட்டுவார்கள். போல்ட்டின் தலையில் பொறித்த எண்தான் இங்கே பேசும். 8.8 என்று பொறித்த 12 மி.மீ. போல்ட் முறிய நேர் இழுப்பில் ஏறத்தாழ 7 டன் வேண்டும். பக்கவாட்டில் அறுபட 4 டன் போதும். 10 மி.மீ. போல்ட்டானால் அறுபட 3 டன்கூட வேண்டாம். எண்ணே இல்லாத மலிவு போல்ட்டுக்குக் கணக்கே கிடையாது. அதனால் இழுப்பு போல்ட்டின் நீளவாக்கில் அல்லாமல் குறுக்கே விழுகிறதா, எத்தனை போல்ட்டுகள் அதைப் பங்கிடுகின்றன என்பதைப் பார்த்தே நல்ல பட்டறைக்காரர் துளையிடும் இடத்தைக் குறிப்பார்.

சுசூகி போன்ற வண்டிகளின் சேஸ் உள்ளே வெற்றிடமான பெட்டிக் குழாய். அதில் துளையிட்டுப் போல்ட்டை இறுக்கினால் இரு பக்கத் தகடுகளும் உள்ளே நசுங்கும். நசுங்கிய இடத்தில் இறுக்கம் தளரும். இதற்காகத் துளைக்குள் எஃகுக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, இரு முனையையும் வெல்டிங் செய்து, அதன் வழியாகப் போல்ட்டைச் செலுத்தும் முறை வந்தது. மறுபக்கம் நட்டுக்கு அடியில் ஒரு தாங்கு தகடு. வெளியே தெரியாத இந்தக் குழாய்த் துண்டுதான், பளபளக்கும் வண்ணக் கொக்கியைவிட முக்கியம். தகட்டை நேராகச் சேஸிலேயே வெல்டிங் செய்வோரும் உண்டு. சேஸின் உலோகம் மெலிதென்பதால், சூட்டில் வெல்டிங்கின் ஓரம் வலுவிழந்து அங்கிருந்தே விரிசல் தொடங்கும் அபாயம் இதில் அதிகம். மெல்லிய சேஸுக்குப் போல்ட் முறையே மேல்.

பிடி எப்போதும் இணையாக வந்ததற்கும் காரணம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் ஏணிச் சேஸ் கோணலாகும். இரு பிடிகளையும் ஒரு வாரால் இணைத்து நடுவில் இழுத்தால் பாரம் பிரியும். ஆனால் இணைப்பு வார் குட்டையாக இருந்தால் பயன் கெடும். அதன் இரு கைகளுக்கும் இடையே 60 பாகைக் கோணம் இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் 58 சதவீதப் பாரம். 120 பாகை ஆகிவிட்டால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதுதான்.

ஷேக்கிளின் வரலாறு கப்பல் துறையையும் கிரேன் துறையையும் சார்ந்தது. வில் வடிவ ஷேக்கிளில் பாதுகாப்பான வேலைப் பாரம் பொறித்திருக்கும்; 16 மி.மீ. என்றால் 3.25 டன், 19 மி.மீ. என்றால் 4.75 டன். டைனீமா என்ற செயற்கை இழை 1990 முதல் வணிக அளவில் வந்த பிறகு, பாய்மரப் படகுகளிலிருந்து கயிற்று ஷேக்கிள் காட்டுவழிக்கு இறங்கியது. எஃகுக்கு நிகரான வலிமை இருந்தும் எடை மிகக் குறைவு. அறுந்தாலும் இரும்புக் குண்டாகப் பறக்காது. கூர்மையான தகட்டு விளிம்பு மட்டும் அதற்கு எமன். அதனால்தான் புதிய பிடிகளின் துளை விளிம்பை இழைத்து உருட்டிவிடுகிறார்கள்.

இந்தியாவில் ஜிப்ஸி ராணுவத்திலும் வனத்துறையிலும் மலைத் தோட்டங்களிலும் ஓடியது; 2019-ஐ ஒட்டி அதன் உற்பத்தி நின்றது. 2014-ல் கோவாவில் காட்டுவழி வண்டிகளுக்கான மழைக்காட்டுப் பந்தயம் தொடங்கியபோது மாற்றியமைத்த ஜிப்ஸிகள் முன்னும் பின்னும் தடித்த பிடிகளோடும், வடம் சுற்றி இழுக்கும் வின்சோடும் களமிறங்கின. 2023 ஜூனில் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வந்தது. அதன் மொத்த எடை சுமார் 1,545 கிலோ. ஆஸ்திரேலியக் கணக்கின்படி அதற்கு 3 முதல் 4.6 டன் வரை முறிவுத் திறனுள்ள வார் போதும். அந்த வாரைத் தாங்கும் பிடி மட்டும் அதைவிட வலுவாக இருக்க வேண்டும். போல்ட்டின் தலையிலும் ஷேக்கிளின் உடலிலும் எண் பொறிக்காத எதையும் வாங்காமலிருப்பது நல்லது.