ஒக்குமே: மிதந்து சென்ற மரம்

மன்னரும் போரும் மட்டுமே ஒரு நாட்டின் வரலாற்றை உருவாக்குவதில்லை. சில வேளைகளில் மரமும் உருவாக்குகின்றது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள காபோன் நாட்டிற்கு ஒக்குமே அத்தகைய மரமாகும்.

வன்மர வகையைச் சேர்ந்ததாயினும் ஒக்குமே கனமற்றது. ஒரு கனமீட்டர் மரம் ஏறத்தாழ 430 கிலோகிராம் எடையே உடையது. இளஞ்சிவப்பு நிறமும் நேரிய தண்டும் கொண்டது. கறையானை எதிர்க்கும் ஆற்றல் குறைவெனினும், மெல்லிய ஏடுகளாகச் சீவிப் பசையிட்டு ஒட்டுவதற்கு மிகவும் ஏற்றது. காபோன் மக்கள் இதன் தண்டைக் குடைந்து தோணி செய்தனர். பிசினைக் கொண்டு தீப்பந்தம் ஏற்றினர்.

இம்மரக் கன்று நிழலில் தழைக்காது. அதற்கு வெயில் வேண்டும். உழவர் காட்டை எரித்து மரவள்ளியும் வாழையும் பயிரிட்டு, பின்னர் கைவிட்டுச் சென்ற புனங்களிலேதான் அது செழித்து வளர்ந்தது. எனவே, ஐரோப்பியர் கன்னிக்காடு எனக் கருதிய ஒக்குமேக் காடுகள் பலவும் பழைய உழவரின் சுவடுகளேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் மர வணிகம் தொடங்கிற்று. செருமானியர் இதனைச் சுருட்டுப் பெட்டிகளுக்கும் ஒட்டுப்பலகைக்கும் வாங்கினர். மரம் மிதப்பதால் சாலையின் தேவை குறைந்தது. தண்டுகளைத் தெப்பமாகக் கட்டி ஒகோவே ஆற்றில் கடல்வரை செலுத்தினர். 1913இல் லாம்பரேனேயில் மருத்துவமனை நிறுவிய ஆல்பர்ட் சுவைட்சர், இத்தொழிலாளரின் கடும் உழைப்பையும் நோய்களையும் 1921இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

ஆடவர் மரமுகாம்களுக்குச் சென்றதால் ஊர்களில் புனம் திருத்துவார் அருகினர். 1920களில் காபோனைப் பற்றிய பஞ்சத்திற்கு இதுவும் ஒரு காரணமாயிற்று. எந்த உழவு ஒக்குமேயை வளர்த்ததோ அந்த உழவையே ஒக்குமே வணிகம் நலியச் செய்தது.

1960இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் மரத்தின் பெரும்பகுதி அறுக்கப்படாமலே கப்பலேறியது. 2010இல் காபோன் அரசு முழுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது. சிங்கப்பூரின் ஓலம் நிறுவனத்தோடு கூட்டாக ‘இன்கோக்’ தொழில் வட்டாரத்தையும் அமைத்தது. அங்கே ஏடு சீவும் ஆலைகளும் ஒட்டுப்பலகை ஆலைகளும் எழுந்தன.

மரம் எளிதில் மிதந்தது. அதன் பயனும் அதனுடனேயே ஆற்றுவழி வெளியேறிற்று. அப்பயனை உள்நாட்டிலேயே நிறுத்த ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்பதே ஒக்குமே உணர்த்தும் பாடமாகும்.