மணலியிலிருந்து மொட்டை மாடிக்கு: ஒரு வெள்ளைப் பலகையின் பயணம்

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சாலையில் போனால், கலெக்டர் அலுவலகத்தை ஒட்டி வேங்கிக்கால். 1989-இல் வடஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானதிலிருந்து இந்தப் பக்கம் வீடுகள் பெருகிக்கொண்டே வருகின்றன. கூரை வீடும் ஓட்டு வீடும் குறைந்து, காங்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடுகள் தெருத்தெருவாக எழுந்துவிட்டன. கத்திரி வெயிலில் அந்தத் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் வீட்டுக்குள் இறக்குகிறது. மேல்மாடியில் குடியிருப்பவர்கள் மாலையில் மொட்டை மாடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், ராத்திரி பாயைத் தூக்கிக்கொண்டு அங்கேயே படுக்கப் போவதும் இதனால்தான்.

அந்தச் சூடு தளத்துக்கு வந்து சேராமல் மேலேயே தடுக்கும் பொருள் ஒன்று நமக்கெல்லாம் பழக்கமானது: தெர்மோகோல். கல்யாண மேடையில் மணமக்கள் பெயரை வெட்டி ஒட்டவும், பள்ளிப் பிள்ளைகள் எரிமலை செய்யவும், டிவி பெட்டிக்குள் அண்டக் கொடுக்கவும்தான் அதை நாம் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அதற்கு ஏற்ற வேலை மாடித் தளத்தில் இருக்கிறது. அங்கே வந்து சேர அது கடக்கும் தூரம் பெரியது.

பயணம் ஒரு மரப்பிசினில் தொடங்குகிறது. 1839-இல் பெர்லினில் மருந்துக்கடை நடத்திய எட்வர்ட் சிமோன், ஸ்டோராக்ஸ் என்ற நறுமணப் பிசினைக் காய்ச்சி வடித்தபோது எண்ணெய் போன்ற ஒரு திரவம் கிடைத்தது. அதை எடுத்து வைத்திருந்தார். நாளாவட்டத்தில் அது இறுகிவிட்டது. ஏன் இறுகியது என்று அவருக்குப் பிடிபடவில்லை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகின்றன என்ற விளக்கத்தை 1920-இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் முன்வைத்தார். அன்றைய வேதியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. 1953-இல் அதே ஆராய்ச்சிக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் திரவம்தான் ஸ்டைரீன், இறுகியது பாலிஸ்டைரீன்.

பாலிஸ்டைரீனைக் காற்றடைத்த நுரையாக, அதாவது தெர்மோகோலாக, ஆக்கியவர் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி. 1950-ஐ ஒட்டிய காலம். ஒரு ஷூ பாலிஷ் டப்பாவில் மாதிரியை வைத்துச் சூட்டடுப்பில் விட்டுவிட்டுப் போனார், திரும்பி வந்தபோது நுரை டப்பாவின் மூடியைத் தூக்கிக்கொண்டு வளர்ந்து நின்றது என்பது அந்த நிறுவனம் சொல்லும் வரலாறு. இந்தியாவில் அதே நிறுவனம் 1960-களில் மும்பையை அடுத்த தானேயில் இதைத் தயாரிக்கத் தொடங்கியது.

இன்று ஸ்டைரீன் பிசினிலிருந்து வருவதில்லை. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் பென்சீனையும் எத்திலீனையும் சேர்த்து அதை உண்டாக்குகிறார்கள். நம் நாட்டுக்கு வேண்டிய ஸ்டைரீன் நெடுங்காலமாகக் கப்பலில்தான் வந்து இறங்குகிறது. சென்னைக்கு வடக்கே மணலிப் பக்கம் உள்ள சுப்ரீம் பெட்ரோகெம் ஆலையில் அந்தத் திரவம் குருணையாகிறது. சர்க்கரை அளவே உள்ள மணிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் பொருள் கொஞ்சம் அடைபட்டிருக்கும்.

குருணை மூட்டையாக ஷீட் தயாரிக்கும் பட்டறைக்குப் போகிறது. அங்கே நீராவி பட்டதும் பென்டேன் விரிய, ஒவ்வொரு மணியும் பொரி போல உப்பித் தன் பழைய அளவைப் போல நாற்பது, ஐம்பது மடங்காகிறது. உப்பிய மணிகளைச் சில மணி நேரம் ஆறவிட வேண்டும். அப்போதுதான் வெளிக்காற்று உள்ளே புகுந்து நிலைக்கும். பிறகு பெரிய அச்சுப் பெட்டியில் கொட்டி மறுபடி நீராவி செலுத்தினால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஆளுயரப் பாளமாகின்றன. மின்சாரத்தில் சூடேறிய மெல்லிய கம்பி அந்தப் பாளத்தை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று பலகைகளாக அறுக்கிறது.

இங்கே ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மாடிக்கு உகந்த பலகையின் எடை ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி மாடி முழுக்க இரண்டு அங்குலக் கனத்தில் பரப்பினாலும் மொத்தப் பொருள் 95 கிலோவைத் தாண்டாது. பலகையின் பருமனில் நூற்றுக்கு 98 பங்கு காற்றுதான். வெப்பத்தைத் தடுப்பதும் அந்தக் காற்றே. திறந்த வெளியில் காற்று நகர்ந்து சூட்டைக் கொண்டுபோகும். கண்ணுக்குத் தெரியாத சிறு அறைகளுக்குள் அடைபட்டால் நகர முடியாது. பிளாஸ்டிக்கின் வேலை காற்றை அசையவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே. இரண்டு அங்குலப் பலகை தடுக்கும் வெப்பத்தைக் காங்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் தளத்தின் கனம் சுமார் இரண்டு மீட்டர் இருக்க வேண்டும்.

எடையில்லாத இந்தச் சரக்கு லாரியில் இடத்தை மட்டும் அடைக்கும். குருணையாக ஒரு லாரியில் வருவது, பலகையானால் இருபது முப்பது லாரிக்கு ஆகும். அதனால்தான் குருணை தொலைதூரம் போகிறது, பலகை பக்கத்துப் பட்டறையிலிருந்து வருகிறது. திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும் டெம்போக்களில் தார்ப்பாய்க்கு அடியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய வெள்ளை அடுக்கைப் பார்த்தவர்கள் இருப்பார்கள்.

கட்டாமல் விட்டால் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் நீர் ஆவியாவதைத் தடுக்க மிதக்கவிட்ட தெர்மோகோல் அட்டைகள் காற்றில் கரை ஒதுங்கியதை நாடே பார்த்தது. அதற்குப் பிறகு தெர்மோகோல் என்றாலே சிரிப்பு என்றாகிவிட்டது. அந்தச் சிரிப்பில், இந்தப் பொருள் உண்மையாகவே வெப்பத்தைத் தடுக்கக்கூடியது என்ற செய்தி மறைந்துபோனது எனக்கு வருத்தம். மேலே பாரம் இருந்தால் அது எங்கும் போகாது. மாடியில் அந்தப் பாரம் கிடைக்கிறது.

வேங்கிக்காலில் ஒரு மாடியில் இந்த வேலை நடந்தபோது கூட இருந்து பார்த்தேன். தளத்தைக் கூட்டிக் கழுவி, தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடும்படி வாட்டம் சரிபார்த்து, நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சை இரண்டு முறை அடித்திருந்தார்கள். பூச்சு காய்ந்த பிறகு பலகைகளைச் செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாறி வரும்படி அடுக்கினார்கள். இடைவெளிகளில் டேப் ஒட்டி, மேலே பாலித்தீன் தாள் விரித்து, கோழி வலை பரப்பி, அதற்கு மேல் இரண்டு அங்குலத்துக்குச் சிறுஜல்லிக் காங்கிரீட். கடைசியில் வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆசிரியை. பலகை பரப்பும்போதே பார்க்க ஏறி வந்துவிட்டார்.

"டீச்சரம்மா, ஷீட்டு மேல மிதிக்காதீங்க. மரப்பலகை போட்டிருக்கேன், அது மேல வாங்க" என்றார் மேஸ்திரி.

"மழைக்குத் தாங்குமா மேஸ்திரி?"

"தண்ணி உள்ள போனா தாங்காதும்மா. போக வுடக் கூடாது. அதுக்குத்தான் கீழ ரெண்டு கோட்டு, மேல தாளு."

அவர் சொன்னதில்தான் வேலையின் சூட்சுமம் இருக்கிறது. அடைபட்ட காற்றின் இடத்தில் தண்ணீர் புகுந்தால் பலகை வெப்பத்தை விட்டுவிடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலையில் கொட்டிய மழையை இந்த ஊர் மறக்கவில்லை. மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போயின. அப்படிப்பட்ட மழையையும் தாங்கும்படிதான் மாடி வேலை இருக்க வேண்டும். ஈரம் தங்கும் என்ற அச்சம் உள்ள இடத்தில் எக்ஸ்.பி.எஸ். என்ற இன்னொரு வகைப் பலகை நல்லது. மணிகளை ஒட்டாமல் ஒரே நுரையாகப் பிழிந்தெடுப்பதால் தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும், விலை கூடுதல். மூன்றாவது வழி, தளத்தின் மேலேயே தெளித்து உப்பவிடும் பஃப் நுரை. ஓட்டோ பேயர் 1937-இல் ஜெர்மனியில் கண்டறிந்த பாலியூரிதேன் அது. இணைப்பே இல்லாமல் படியும், தடுக்கும் திறனும் அதிகம். ஆனால் வெயில் நேரே பட்டால் நைந்துபோகும், மேல்பூச்சு கட்டாயம். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் எச்.சி.எஃப்.சி.-141பி வாயுவை இந்த நுரைத் தொழில் முன்பு பெருமளவில் பயன்படுத்தியது. இந்தியா 2020 ஜனவரி 1 முதல் அதை முற்றிலும் கைவிட்டது.

பலகையைத் தளத்துக்கு மேலே போடுவதா, உள்ளே சீலிங்காக ஒட்டுவதா என்று பலர் கேட்கிறார்கள். மேலேதான். உள்ளே ஒட்டினால் காங்கிரீட் முழு வெயிலையும் வாங்கிச் சூடேறி நிற்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி விரிசல் விடும். மேலே போட்டால் தளமே குளிர்ச்சியாக இருக்கும், விரிசலும் குறையும். அதைவிடப் பெரிய காரணம் நெருப்பு. தெர்மோகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், மூச்சை அடைக்கும் கரும்புகையைக் கக்கும். 2017 ஜூனில் லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் மாண்டார்கள். வெளிச்சுவரில் பதித்த பிளாஸ்டிக் உட்கரு கொண்ட தகடுகளும் அதன் பின்னால் இருந்த நுரைப் பலகைகளும் தீயை வளர்த்தன. நுரை எப்போதும் காங்கிரீட்டுக்கோ பூச்சுக்கோ பின்னால் மூடி இருக்க வேண்டும். வேலை நடக்கும் மாடியில் பீடி, வெல்டிங் எதுவும் கூடாது. முன்பு தீத்தடுப்புக்குச் சேர்த்துவந்த எச்.பி.சி.டி. என்ற ரசாயனம் உடலில் தங்கும் நஞ்சு என்று கண்டு 2013-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. இந்தியாவும் 2018-இல் விதி இயற்றித் தடை செய்தது. வாங்கும்போது தீ பரவாத ரகமா, எந்தத் தீத்தடுப்புப் பொருள் சேர்த்தது என்று கேட்பது நம் உரிமை.

சட்டமும் இந்த வழிக்கு வந்துகொண்டிருக்கிறது. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2018 டிசம்பரில் எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்புக் கட்டட விதிமுறையை வெளியிட்டது. கூரையின் மேலும் கீழும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது அது. நாம் போடும் வெறும் காங்கிரீட் தளத்தில் மூன்று வாட்டுக்கு மேல் இறங்குகிறது. ஓர் அங்குலப் பலகை அதை வரம்புக்குள் கொண்டுவந்துவிடும். இரண்டு அங்குலம் போட்டால் வரம்பில் பாதிதான். ஆனால் 2018-இல் வந்த இந்த விதிமுறை 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று வகுக்கப்பட்டது. வேங்கிக்காலில் 1,200 சதுர அடி மனை வாங்கிக் கடன் போட்டுக் கட்டுகிறவரை அது தொடுவதே இல்லை. வெயில் அதிகம் வாட்டுவது அவரைத்தான். வீட்டு வசதிக் கடன் கொடுப்பவர்களும் வரைபடம் போடும் பொறியாளர்களும் அவருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

பலகை குளிர்ச்சியை உண்டாக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருகிற சூட்டைக் குறைக்கும், தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பகலில் அனல்காற்று வரும் ஜன்னலை மூடி, இரவில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால்தான் முழுப் பலன். மேற்குச் சுவருக்கு நிழல் வேண்டும். ஏ.சி. உள்ள வீட்டில் கரன்ட் பில் குறையும். இல்லாத வீட்டில் ஏ.சி. வாங்குவதைத் தள்ளிப்போடலாம். நம் பாட்டன் காலத்து மெட்ராஸ் டெரஸும், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்ட மேல்தளமும் இதே வேலையைத்தான் கனத்தைக் கொண்டு செய்தன. அந்தக் கைவேலைக்கு ஆள் கிடைக்கும் இடத்தில் அதையும் செய்யலாம்.

இந்தப் பொருள் மண்ணில் மக்காது. சாப்பிட்டு எறியும் தட்டாகவும் கப்பாகவும் வந்தபோது ஒரு மணி நேரப் பயனுக்குப் பிறகு சாக்கடையிலும் ஏரியிலும் மணிமணியாக உதிர்ந்து கிடந்தது. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தெர்மோகோல் தட்டையும் கப்பையும் தடை செய்தது சரி. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மோகோலை மத்திய அரசு தடை செய்ததும் சரி. மக்காத குணம் தட்டில் கேடு. காங்கிரீட்டுக்கு அடியில் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடந்து உழைக்க வேண்டிய இடத்தில் அதே குணம்தான் பலம். வேலை முடிந்ததும் மிஞ்சும் துண்டுகளை எரிக்காமல், வேங்கிக்கால் ஏரிப் பக்கம் கொட்டாமல், மூட்டை கட்டிப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுங்கள். சுத்தமான துண்டுகளை உருக்கிப் போட்டோ பிரேம் வரை செய்கிறார்கள்.

மாடித் தளம் போட்டு முடித்து, மேலே டைல்ஸ் பதிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டைல்ஸ் பதிக்கும் முன் மேஸ்திரியிடம் நான்கு விஷயங்கள் கேளுங்கள்: வாட்டம் சரியாக இருக்கிறதா, நீர்த்தடுப்புப் பூச்சு காய்ந்ததா, பலகை ஐ.எஸ். 4671 தரத்தில், போதுமான எடையில் வந்திருக்கிறதா; தின்னர் கலந்த பிரைமர் எதுவும் அதன் மேல் படாமல் இருக்குமா? தின்னர் பட்ட இடத்தில் தெர்மோகோல் கரைந்து குழியாகிவிடும். டைல்ஸ் பதித்த பிறகு இந்தப் பலகையைப் போட வேண்டுமென்றால் உடைக்கும் கூலியும் சேரும். இப்போதே போட்டுவிடுங்கள்.