உளியில்லாத கல்தச்சர்கள்

ஸ்காட்லாந்து மன்னரின் கட்டடப் பணிகளுக்குத் தலைவராக இருந்த வில்லியம் ஷா, 1598இல் கல்தச்சர்களுக்கு விதிகள் வகுத்தார். மறுஆண்டு வந்த விதிகளில் வியப்பான ஒன்று உண்டு: தச்சர்களின் கைத்திறனோடு நினைவாற்றலையும் சோதிக்க வேண்டும்! எடின்பரோ லாட்ஜின், அதாவது அங்கிருந்த கல்தச்சர் சங்கத்தின், கூட்டக் குறிப்புகள் அந்த 1599 முதலே கிடைக்கின்றன. உழைப்பாளிகளின் சங்கம் ஒன்று அப்போதே தன் வரலாற்றை எழுதிவைத்திருப்பது போற்றத்தக்கது.

பிறகு இத்தகைய லாட்ஜுகளில் கல்லைத் தொடாத கனவான்களும் சேர்ந்தார்கள். பழம்பொருள் ஆய்வாளர் எலியாஸ் ஆஷ்மோல் 1646இல் வாரிங்டனில் உறுப்பினரானார்.

லண்டனின் நான்கு லாட்ஜுகள் 1717இல் ஒரு மதுக்கடையில் கூடி ஒரே தலைமை லாட்ஜை ஏற்படுத்தின என்பது, ஃப்ரீமேசன்கள் எனப்படும் இச்சங்கத்தாரின் மரபு வரலாறு. 1723இல் ஜேம்ஸ் ஆண்டர்சனின் சட்டநூல் அச்சானது. மண்டபங்கள் இல்லாத அக்காலத்தில் கூட்டங்கள் மதுக்கடைகளில்தான் நடந்தன. சடங்குச் சின்னங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைவார்கள். முடிந்ததும் தடயமின்றித் துடைத்துவிடுவார்கள். பின்னாளில் அவை சீலையிலும் பலகையிலும் ஏறின. வாசலில் உருவிய வாளோடு காவலர் நின்றார். பயிலுநர், தொழிலர், ஆசான் என்ற மூன்று படிகளின் பெயர்களும், இடுப்பில் கட்டும் தோல் ஏப்ரனும் கல்தச்சர் பட்டறையிலிருந்து வந்தவை.

1738இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் இச்சங்கத்தைக் கண்டித்தார். அது பரவுவது நிற்கவில்லை. 1770களில் ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானபோது, இங்கிலாந்தின் தலைமை லாட்ஜ் அவருக்கு ஏப்ரனும் சட்டநூலும் அனுப்பியது. அவர் பாரசீகத்தில் நன்றிக் கடிதம் எழுதினார்.