வகுப்பறைக்கு வந்த கணிப்பொறி

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. வாய்க்காலில் பெரியாற்று நீர் வந்தால் மட்டும் நெல் விளைந்துவிடாது. நாற்றும் உரமும் உழவரின் உழைப்பும் சேரவேண்டும். நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வந்த வரலாறும் இதையே கூறுகிறது.

1984-85-இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகளுக்குப் பிரிட்டன் நாட்டின் ‘பி.பி.சி. மைக்ரோ’ கணிப்பொறிகள் தரப்பட்டன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே! கணிப்பொறியை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துவதே அன்றைய நோக்கம்.

ஆனால், கணிப்பொறியால் பாட அறிவு வளருமா? இதனை அளந்து பார்த்த இடங்களுள் ஒன்று குஜராத்தின் வடோதரா. அங்கு 2000-இல் நகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு கணிப்பொறிகளை வழங்கியது; பெரும்பாலானவை பயன்படாமலே கிடந்தன. 2002 முதல் ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் நான்காம் வகுப்புக் குழந்தைகளை, பொறிக்கு இருவராக, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகளில் ஈடுபடுத்தியது. இப்பயிற்சி பெற்ற பள்ளிகளை ஆய்வாளர்கள் பெறாத பள்ளிகளுடன் ஒப்பிட்டனர். இரண்டாம் ஆண்டில் கணித மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது. அதாவது, நூறு பேரில் 50-ஆம் இடத்தில் நிற்கும் மாணவன் ஏறத்தாழ 32-ஆம் இடத்துக்கு முன்னேறுவதற்கு ஒப்பானது இது. எனினும், பயிற்சி நின்று ஓராண்டு கழிந்ததும் அவ்வுயர்வின் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

குஜராத்திலேயே ‘ஞான் சாலா’ பள்ளிகளில் நடந்த மற்றோர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஆசிரியர் கற்பிக்கும் நேரத்தைக் கணிப்பொறிக்குக் கொடுத்தபோது கற்றல் குறைந்தது. பள்ளி நேரத்துக்குப் புறம்பாகப் பயன்படுத்தியபோதோ கற்றல் வளர்ந்தது. பொறி ஒன்றே, பயன் மட்டும் வேறு!

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அதன்பின் தேனியிலும் கம்பத்திலும் உள்ள உழவர் வீடுகளுக்கும் கணிப்பொறி வந்தது. வீட்டில் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது இனி மாணவராகிய உங்கள் கையில்தான் இருக்கிறது.

இயற்பியல் வகுப்பில் நான் சொல்லும் முறை இது. ஊசலின் நீளத்தை நான்கு மடங்காக்கினால் அலைவு நேரம் எத்தனை மடங்காகும்? முதலில் தாளில் உங்கள் விடையை எழுதுங்கள். பிறகு கணிப்பொறித் திரையில் ஊசலை ஆட்டிப் பாருங்கள். இறுதியில் ஒரு நூலில் கல்லைக் கட்டி நீங்களே அளந்து பாருங்கள். விடை இரு மடங்கு என்பதை அதன்பின் மறக்கமாட்டீர்கள். திரையை மட்டும் பார்த்தவர் மறந்துவிடக்கூடும்.